பதினைந்து நாள் அவகாசம்

ஜூன் 7, திங்கள்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. ஞானதாஸ் சார் ஐந்து மாதம் மேஜைக்குள் போட்டு வைத்திருந்துவிட்டு இன்று என் பக்கம் தள்ளினார். "எனக்கு இதுல எழுத ஒண்ணும் இல்ல டீச்சர். ஒங்களுக்கு இனிமே நெறைய இருக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டு, மகளோடு இருக்க நாகர்கோவில் போகிறார். எட்டு வருஷமாக அவரிடம் பாடம் நடத்துகிறவள் நான். அதனால் ஆறு மெஷின்கள், பெஞ்சுகள், அரசு அங்கீகாரம் எல்லாவற்றையும் என் பெயருக்கே மாற்றித் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, அதற்குள் மெஷின்களை இறக்க என் கையில் ஒரு கட்டடம் இருக்க வேண்டும். அங்கீகாரத்தை மாற்றவும் அந்த விலாசம் வேண்டும். இல்லாவிட்டால் மெஷின்களை வாங்கிப்போக சாத்தூர்க்காரர் ஒருவர் லாரியோடு தயாராக இருக்கிறாராம்.

எனக்கு வீடு இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் பின்னால், அம்மா என் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதி வைத்துவிட்டுப் போன வீடு. முன்பக்கத்துப் பட்டாசல் கூடத்தில் ஆறு மெஷினும் தாராளமாகப் பிடிக்கும். பின்னறையில் நான் இருந்துகொள்வேன். ஆனால் பதினொரு வருஷமாக அங்கே லாரி ஆபீஸ் பேச்சிமுத்து குடும்பம் குடியிருக்கிறது. அவர்கள் காலி செய்ய வேண்டும்.

அண்ணன் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். கட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. காற்று நன்றாக வருகிறது. உலகம்மா அத்தைக்குக் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, வலது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். அத்தை, மதினியின் அம்மா. வாதம் வந்து இடது பக்கம் விழுந்து நாலு வருஷம் ஆகிறது.

ஜூன் 9, புதன்

தாளை நீட்டுவதற்கு முன்னால் வாயால் சொல்வதுதான் மரியாதை என்று ஸ்டேஷன் பக்கம் போனேன். பேச்சிமுத்து லாரி ஆபீசில். எந்த நாளிலும் அவர் லாரி ஆபீசில்தான். அவர் மனைவி சுடலைவடிவு இருந்தாள். காபி போட்டுத் தந்தாள். சர்க்கரை நான் எவ்வளவு போடுவேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"வடிவு, எனக்கு வீடு வேணும்."

"எந்த வீடு?"

"இந்த வீடுதான்."

அவள் டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலையேக்கா" என்றாள்.

வீடு என் பெயரில் இருக்கிறது, அண்ணன் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். மாதா மாதம் வாடகை வாங்குவது அண்ணன்தான். என் சாப்பாட்டுக்கு இருக்கட்டும் என்று நானே செய்த ஏற்பாடு அது. அம்மா போனதிலிருந்து ஆறு வருஷம் வாடகை வாங்கினால் யாருக்கும் வீட்டுக்காரர் முகம் வந்துவிடும். "எழுத்துல அனுப்புதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 10

நோட்டீஸை நானே தட்டினேன். மூன்று பிரதி. ஜூலை 31-ஆம் தேதியோடு காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது. ஒரு பிழை கூட இல்லை.

ஜூன் 11

ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தாயிற்று. அண்ணனிடமும் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே கேட்டார். "செய்யேன். யாரு வேண்டாம்னா" என்றார். மதினி மட்டும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப அம்மாவ யாரு பாக்கிறது" என்றாள். நான் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15

அட்டை வரவில்லை. அத்தைக்கு முதுகில் சிவந்திருக்கிறது. பவுடர் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்ப வேண்டும். பகலில் நான் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும்போது திருப்பச் சொல்லி மதினியிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

ஜூன் 21

பத்து நாள் ஆகிவிட்டது. உள்ளூர்த் தபால். நடந்தே கொண்டுபோனாலும் அரை மணிதான். "அவுக வாங்கியிருக்க மாட்டாகளா. விடு" என்கிறார் அண்ணன். விடுவதாக இல்லை. நாளை கோர்ட்டுக்குப் போகிறேன்.

ஜூன் 22, செவ்வாய்

கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். வக்கீல் குமாஸ்தா. அவர் மகள் என்னிடம் ஹையர் பாஸ் செய்தவள். என் நோட்டீஸை இரண்டு முறை படித்தார்.

"டைப்பிங் பிரமாதம் டீச்சரம்மா" என்றார். வேறு எங்கோ பிழை இருக்கிறது என்று அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"வாடகை எந்த மாசத்துக்கு? இங்கிலீஷ் மாசமா, தமிழ் மாசமா?"

அம்மா எழுதி வாங்கிய வாடகைச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். 'வைகாசி மாதம் 1-ந் தேதி முதல்' என்று இருந்தது. அம்மாவுக்கு ஜனவரி, பிப்ரவரி எல்லாம் ஸ்கூல் பிள்ளைகளின் விவகாரம். இன்றுவரை வடிவு வீட்டு வாடகை தமிழ் மாதம் பிறக்கிற அன்றுதான் வருகிறது.

"அங்கதான் இடிக்கி. மாசக் குடித்தனத்த மாசம் முடியிற அன்னைக்குத்தான் முடிக்கணும். அதுக்குப் பதினஞ்சு நாளு முன்னாடி அவுக கையில தாள் இருக்கணும். நீங்க போட்ட ஜூலை முப்பத்தொண்ணு, ஆடி பதினஞ்சு. மாசத்த நடுவுல வெட்டியிருக்கீக. எதிர்க்கட்சி வக்கீல் இத ஒண்ண வச்சே அஞ்சு வருஷம் ஓட்டிருவாரு."

எட்டு வருஷமாகப் பிள்ளைகளின் தாளில் ஒரு கமா தவறினாலும் சிவப்பு மையால் சுழிக்கிறவள் நான். என் தாளில் சுழிக்க வேண்டியது தேதியையே. வெட்கமாக இருந்தது.

ஆனி கடைசிக்குள் போட முடியுமா என்று கேட்டேன். நாள் இருக்கிறது, ஆனால் அவர்கள் ஒருதரம் வாங்காமல் திருப்பினாலும் தவணை தவறிவிடும் என்றார். "ஆடி கடைசின்னு போடுங்க. ஆகஸ்ட் பதினாறு. தைரியமா நிக்கும்." அது போதும் எனக்கு. அதற்குப் பிறகும் ஆகஸ்டில் பதினைந்து நாள் மிச்சம் இருக்கிறது.

தாளைச் சேர்க்கும் முறையையும் சொல்லித் தந்தார். முதலில் கையில் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த வீட்டில் குடும்பத்தார் யாரிடம் கொடுத்தாலும் சரிதான். தபாலிலும் அனுப்ப வேண்டும். அதையும் மறுத்தால் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு கதவில் ஒட்ட வேண்டும். "ஒட்டிட்டா அவுக படிச்சாலும் ஒண்ணு, படிக்காட்டாலும் ஒண்ணு."

வரும் வழியில் போஸ்ட் ஆபீசில் விசாரித்தேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு பதினாறாம் தேதியே எங்கள் வீட்டில் கொடுக்கப்பட்டிருக்கிறது. "ஒங்க மதினி கையிலதானம்மா குடுத்தேன்" என்றார் தபால்காரர்.

அடுக்களையில் நாள்காட்டிக்குப் பின்னால் செருகியிருந்தது. வடிவின் குண்டு குண்டான கையெழுத்து. மதினிக்கு மறதி அதிகம். பால்காரர் கணக்கை மட்டும் மறக்க மாட்டாள். அட்டையை இந்த டைரிக்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 23

புது நோட்டீஸ். ஆடி மாதம் 31-ந் தேதி, அதாவது ஆகஸ்ட் 16 முடிய. அனுப்புநர் விலாசம் இந்த முறை இன்ஸ்டிட்யூட்.

ஜூன் 24, வியாழன்

வடிவு காபி போடவில்லை. தாளைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"மொதல்ல வந்ததுக்குக் கையெழுத்துப் போட்டேன்லாக்கா. அன்னைக்குச் சாயங்காலமே அண்ணாச்சி வந்தாக. 'செம்பகம் ஏதோ கோவத்துல எழுதிட்டா, நீங்க பாட்டுக்கு இருங்க, இனிமே தாள் வந்தா வாங்காதீக'ன்னாக. இப்ப நான் யாரு பேச்சக் கேக்க?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பளிச்சென்று வெள்ளையடித்திருந்தாள். எங்கள் காசில் அடித்ததல்ல.

"வீடு யாரு பேருல இருக்கு வடிவு?"

"அது தெரியாமலா. ஆனா ஆடி கடைசியில போன்னா, ஆடியிலதான சாமானத் தூக்கணும். ஆடி மாசம் எவளாச்சும் வீடு மாத்துவாளா? ஒங்க வீட்டுப் பொண்ண ஆடியில குடி வைப்பீகளா?"

கையெழுத்துப் போட மாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள். கோர்ட்டுக்கு ஆடியும் ஆவணியும் கிடையாது. மாசிலாமணி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், அவருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதினாறு, முப்பத்தொன்று என்று எண்களையே பார்த்து, மாதத்தின் பெயரைக் கோட்டை விட்டிருக்கிறேன். தபாலில் அதே பிரதியைச் சேர்த்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அண்ணன் அங்கே போனதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரவு ரசத்துக்கு உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

ஜூன் 30

தபால் திரும்பி வந்தது. 'வாங்க மறுத்தார்.' மாசிலாமணிக்கு ஒரே சந்தோஷம். மறுத்தாலும் சேர்ந்தது சேர்ந்ததுதானாம். ஆனாலும் ஒட்டிவிடுங்கள் என்கிறார்.

ஜூலை 1, வியாழன்

காலையில் அத்தைக்குத் துணி மாற்றிவிட்டு, மைதா மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினேன். மதினி எதற்கு என்று கேட்டாள். ஒட்டுவதற்கு என்றேன்.

ஞானதாஸ் சாரும் மாசிலாமணியும் சாட்சி. சார் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்து மணிக்கு அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். வடிவு கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குக்கர் சத்தம் கேட்டது. வெளியே நான் பசை தடவினேன். அம்மா மஞ்சள் பூசி வைத்த நிலைக்குக் கீழே, என் வீட்டுக் கதவில், நானே. நாலு மூலையும் அழுத்தினேன். சாட்சிகள் என் பிரதியில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டார்கள். பத்து மணி இருபது நிமிடம்.

எதிர்வீட்டு அம்மாள், "இவ அம்மா மாதிரி நல்ல மனுசி குடியிருந்த வீடு" என்று காதில் விழும்படி சொன்னாள். எனக்கு உடம்பு முழுக்கக் கூசியது. தெரு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஆனால் ஒட்டியதற்கு வருத்தப்படவில்லை. சொல்ல வேண்டியதை நாள் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொல்லாமல் ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 3, சனி

நாலு மணி வகுப்பு நடக்கும்போது வடிவு வந்து நின்றாள். கையில் கதவிலிருந்து உரித்த நோட்டீஸ். ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது. ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் தடதடத்துக்கொண்டிருந்ததால் அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது. பிள்ளைகளை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் பேசினால் வெளியே யாருக்கும் கேட்காது.

"அவுக வக்கீலப் பாத்தாக. பத்து வருஷம் இழுக்கலாமாம். அண்ணாச்சியும் அதத்தான் சொல்லுதாக. இழுத்துருவோம், ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். எங்க மேல என்ன கோவம்? வெளக்கு வைக்கலையா, வாசத் தெளிக்கலையா?"

"ஒரு கோவமும் இல்ல. எனக்கு இருக்க எடம் இல்ல, வடிவு."

சொன்ன பிறகுதான் அதை முதல்முதலாகச் சொல்கிறேன் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி வீடு?"

சொன்னேன். அங்கே என் அறையைச் சித்திரையில் ஒரு பேங்க்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஒரு நாள் வகுப்பு முடித்துப் போனபோது என் கட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. பெட்டி அதன் கீழே. பேங்க்காரருக்கு வாடகைச் சீட்டு உண்டு, முன்பணம் உண்டு, அவரை அனுப்ப வேண்டும் என்றால் நோட்டீஸ் உண்டு. எனக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதினி சாப்பிடக் கூப்பிட்டாள், நானும் போய்ச் சாப்பிட்டேன். என் கணவர் போய் ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். விதவைத் தங்கையை வைத்துக் காப்பாற்றுகிறார் என்று அண்ணனுக்கு ஊரில் நல்ல பெயர். அத்தையை நாலு வருஷமாகக் கழுவித் துடைத்து எடுக்கிறவள் நான். நான் ஸ்டேஷன் வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்கு ஆள் இல்லை. அதனால்தான் தாளை வாங்காதே என்று உன்னிடம் வந்து சொன்னார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழக்கூடாது என்றிருந்தேன், அழுதுவிட்டேன். முதல் வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். "தாளப் பாரு" என்று அதட்டினேன்.

வடிவு நோட்டீஸின் கிழிந்த மூலையை விரலால் நீவிவிட்டாள். பிறகு, "மில்லுப் பக்கம் ஒரு வீடு பாத்து வச்சிருக்கோம். நல்ல வீடுதான். ஆடியில போக மனசு வரல, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் சரியான தேதி கிடைத்தது. "ஆனி முடிய இன்னும் பதிமூணு நாள் இருக்கு. வர்ற வெள்ளிக்கெழம அந்த வீட்டுல பால் காய்ச்சிரு. பால் காய்ச்சியாச்சுன்னா குடி போயாச்சு. அதுக்கப்புறம் சாமான ஆடியில கொண்டுபோனா என்ன, அது ஒன் வீட்டுக்கு ஒன் சாமான எடுத்துட்டுப் போறதுதான?"

அவள் யோசித்தாள். யோசித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பானைக்கு மஞ்சள் கட்ட நீங்க வரணும்" என்றாள்.

"நானா? நான் எப்படி?"

"வாங்கன்னா வாங்க. சும்மா அதையும் இதையும் பேசிக்கிட்டு."

என் பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆகஸ்ட் 16-க்குள் சாவி.

ஜூலை 5

அண்ணனுக்குச் சேதி எட்டிவிட்டது. கடையிலிருந்து மத்தியானமே வந்தார்.

"என்னளா இது, கோர்ட்டு, கதவுல ஒட்டுறது. ஒன்ன யாரு வெளிய போன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்? சோத்துக்குக் கொற வச்சமா? தனியா ஒரு பொம்பள போய் இருந்தா ஊரு என்ன பேசும்?"

"எட்டு வருஷமா தனியாத்தான ரோட்டுல நடந்து வேலைக்குப் போயிட்டு வாரேன்."

"அத்தைய என்ன செய்ய? அதச் சொல்லு மொதல்ல."

இந்த வீட்டில் எல்லாக் கேள்வியும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. இப்படியே இருந்தால் எனக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தைக்கு என்ன ஆகும் என்று நான் தினமும் யோசிக்கிறேன் என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொல்லவில்லை. அட்டை விஷயத்தையும் கேட்கவில்லை. கேட்டால் மறந்துவிட்டோம் என்பார்கள், நானும் நம்ப வேண்டியிருக்கும்.

ஜூலை 9, வெள்ளி

மில் பக்கத்து வீட்டில் பால் பொங்கியது. பேச்சிமுத்துவை முழுதாக இன்றுதான் பார்க்கிறேன். லாரி ஆபீசுக்கு அரைநாள் லீவு. பானையில் மஞ்சள் நான்தான் கட்டினேன். அங்கிருந்த நாலு பெண்களில் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். வடிவு அவளுக்குக் கடைசியில்தான் பால் கொடுத்தாள்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. வடிவு பாத்திரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகிறாள். வீட்டில் மதினி என்னோடு பேசுவதில்லை. சமையலும் கழுவலும் பேச்சு இல்லாமலே நடக்கிறது.

ஜூலை 24

ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெண் கிடைத்தாள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வருவதாகச் சொல்கிறாள். நல்ல கை. அவளை அழைத்துவந்து அண்ணனிடம் காட்டினேன். "வெளி ஆள வீட்டுக்குள்ள விடச் சொல்லுதியா" என்றார். அந்தப் பெண் முகம் தொங்கிப் போய்த் திரும்பினாள். மதினியிடமாவது அத்தையைத் திருப்புகிற விதத்தைக் காட்டலாம் என்று கூப்பிட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்றாள்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறாள். நாக்கு குழறுமே தவிரக் காது நன்றாகக் கேட்கும்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

சாவி வந்துவிட்டது. பதினைந்து நாள் முந்தியே. வடிவு வீட்டைக் கழுவிவிட்டுத்தான் தந்தாள். பட்டாசலில் நின்று அளந்தேன். மெஷின்கள் மூன்று, மூன்றாக இரண்டு வரிசை, நடுவில் நான் நடக்க வழி. சாரிடம் போய்ச் சாவியைக் காட்டினேன். சாத்தூர்க்காரருக்கு இன்றே கடிதம் போடுகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 20, ஆவணி முதல் வெள்ளி. அன்று குடிபோகிறேன்.

ஆகஸ்ட் 2

வகுப்பு முடிந்ததும் இன்னொரு நோட்டீஸ் தட்டினேன். பெறுநர், என் அண்ணன். அவருடைய வீட்டின் மாடிப்படிக்குக் கீழ் உள்ள இடத்தில் குடியிருந்துவரும் கீழே கையொப்பமிட்டுள்ள நான், ஆகஸ்ட் 20-ஆம் தேதி அந்த இடத்தை விட்டு விலகுகிறேன். இத்தனை நாள் அங்கே நான் செய்துவந்த வேலைகள் இன்னின்னவை, இன்னின்ன நேரத்துக்கு, அவற்றை அந்தத் தேதிக்குப் பிறகு வேறு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது. அதற்காகப் பதினைந்து நாள் அவகாசம் தருகிறேன். வேலைகளை எழுத ஆரம்பித்தபோது அரைப் பக்கம் வரும் என்று நினைத்தேன். இரண்டாவது தாள் செருக வேண்டியிருந்தது. அந்த ஆயாவின் விலாசத்தைக் கடைசியில் தட்டினேன்.

மாசிலாமணி படித்துவிட்டுச் சிரித்தார். "ஒங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்ல டீச்சரம்மா. நீங்க என்ன குடித்தனக்காரரா? வாடகையா, சீட்டா? பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிர வேண்டியதுதான."

எனக்கும் தெரியும். என் கட்டிலை நகர்த்தியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். வடிவுக்குக் கொடுத்த அவகாசத்தை உலகம்மா அத்தைக்கும் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3

அண்ணன் முதல் வரியைப் படித்தார். தாளை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மதினியிடம் நீட்டினேன். ஈரக் கையைக் காட்டினாள். கை காயட்டும் என்று அடுக்களை வாசலிலேயே நின்றேன். அவள் மறுபடி பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு பாத்திரம் தேய்த்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 4, புதன்

தாளை எங்கே ஒட்டுவது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஒட்டினால் பேங்க்காரர் படிப்பார். அது அண்ணனுக்கு அவமானம், எனக்கு அது வேண்டாம். குடும்பத்தார் யாரிடம் கொடுத்தாலும் செல்லும் என்று மாசிலாமணி சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார்.

அத்தையைக் குளிப்பாட்டி, முதுகுக்கு மருந்து போட்டு, தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு தாளையும் முழுக்க வாசித்தேன். காலை ஐந்து மணிக்கு முகம் துடைத்துத் துணி மாற்றுவது என்ற வரியில் அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்புவது, கஞ்சியை வடிகட்டுவது, வாயின் வலது பக்கமாகக் கரண்டியை வைப்பது எல்லாம் வாசித்து முடிக்கும்வரை திறக்கவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"எல்லாம் எழுதிட்டியா" என்றாள். அவள் பேச்சு எனக்கு மட்டும்தான் முழுதாகப் புரியும்.

"எழுதிட்டேன் அத்தை."

"என்னைக்குப் போற?"

"இருவதாந் தேதி. வெள்ளிக்கெழம."

"வந்து பாப்பியா?"

"பாக்க வருவேன். இந்த வேலைக்கு வர மாட்டேன்." பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"இத நீங்க வாங்கிக்கிட்டா வீட்டுல சேத்ததா அர்த்தம். வாங்கணும்னு கட்டாயம் இல்ல. வேண்டாம்னா சொல்லுங்க அத்தை" என்றேன்.

அவள் வலது கையை நீட்டித் தாளை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, என் பிரதியில் கைநாட்டு வேண்டும். மெஷினிலிருந்து கழற்றிய பழைய ரிப்பன் ஒன்று பையில் கிடந்தது. அதை அவளுடைய வலது பெருவிரலில் தேய்க்கப் போனேன்.

அத்தை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் புருஷன் நிலம் வாங்கி விற்றவர், பத்திர ஆபீசுக்குப் பலமுறை போனவள். கைநாட்டுக்கு இடது கை என்று அவளுக்குத் தெரியும். நாலு வருஷமாக நான் கழுவித் துடைத்து மடியில் எடுத்து வைக்கிற அந்த விளங்காத இடது கையை, வலது கையால் தானே தூக்கி என் முன்னால் நீட்டினாள்.

"அழுத்தி வையி" என்றாள். "அழியப்படாது."